கழுவும் குறிப்பு

சட்டைக்கு உள்ளே, இடப்பக்கத் தையலில்
சுண்டுவிரல் நீள நாடா ஒன்று தொங்கும்.
அதைப் பொருத்துகிறவள் நான்.
கிளிநொச்சி, ஏழாம் லைன்,
மணிக்கு நூற்றிருபது.

நாடாவில் இருபத்தேழு மொழிகள்.
மூன்றரை லட்சம் பேர் பேசும் பனித்தீவு மொழியும் உண்டு.
தமிழைத் தேடி
முதல் கிழமையே இரண்டு பக்கமும் புரட்டிவிட்டேன்.
டார்கெட் குறைந்ததுதான் மிச்சம்.

மொழிகளுக்கு மேலே படங்கள்:
தொட்டி, முக்கோணம், இஸ்திரிப்பெட்டி, வட்டம், சதுரம்.
ஓடருக்கு ஓடர் புள்ளியும் கோடும் மாறும்.
பயிற்சி வகுப்பில் ஒரு சேர் சொன்னார்:
"இதுதான் பிள்ளையள் வரப்போற உலக மொழி.
சிலியிலயும் இதே, சீனாவிலயும் இதே.
இன்னும் நூறு வருசத்தில
எல்லாரும் ஒண்டையே உடுத்து ஒண்டையே வாசிப்பினம்."
எங்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.
இலக்கணம் இல்லை, சோதனை இல்லை,
ஒரு மொழி தெரியாததற்காக
பஸ்ஸை மறித்து இறக்கி நிற்பாட்ட ஆளில்லை.

படங்களை வாசிப்பது புதிதும் அல்ல.
மீளக்குடியேறின வருசம்
வளவுக்குள் சிவப்புப் பலகை, மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு.
கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள்.
எங்கள் சிவலைப் பசு
நாலையும் வாசிக்கவில்லை.

யார் தொடங்கியதென்று தெரியாது.
சுகிர்தமலராக இருக்கலாம், அவளுக்கு வாய் சும்மா இராது,
லைனிலோ பேசக்கூடாது.
ஒருநாள் வெட்டுத்துணியில் வெண்கட்டியால்
சதுரம் கீறி, அதற்குள் வட்டம் போட்டு நீட்டினாள்.
இருபத்தேழு மொழியிலும் அது உலர்த்தும் இயந்திரம்.
எங்களுக்கு அது தலைச்சுற்று:
என்ரை பத்துத் துண்டை நீ தைச்சுவிடு.

அதன் பிறகு நிற்கவில்லை.
இஸ்திரிப்பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால்
சுப்பவைசர் இளஞ்சூடு;
மூன்று என்றால் மலசலகூடத்துக்கும் கேட்காதே.
வெட்டிய முக்கோணம்: கன்ரீனில் சமோசா முடிந்தது.
வெட்டிய தொட்டி: விசுவமடுப் பக்கம் தண்ணீர் பவுசர் வரவில்லை,
டிலானி குளிக்காமல் வந்திருக்கிறாள்.
வெறும் வட்டம்: சம்பளம் இன்னும் விழவில்லை.
ஆறாம் லைனில் வட்டம் என்றால் பொட்டு,
யாரையோ பெண் பார்க்க வருகிறார்கள்.
இருபதடி தூரத்துக்குள்
உலக மொழிக்கு இரண்டு வட்டார வழக்கு.

மேல்விளிம்பில் வளைவு விழுந்த சதுரத்தை மட்டும்
யாரும் எடுக்கவில்லை.
பார்த்தால் கடித உறை மாதிரி.
யார் இப்போது யாருக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

மாசியில் ஒரு புதன்கிழமை
கொன்சலாற்றா அதைத் தன் மெஷின் தலையில் கீறிவிட்டுத்
தொடர்ந்து தைத்தாள்.
தம்பியின் விசயமாக விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம்.
ஐந்தாவது தடவை.
அதே கேள்விகளாகத்தான் இருக்கும்:
கடைசியாகக் கண்டது எங்கே,
அன்று போட்டிருந்தது என்ன நிறச் சேட்டு.

அகராதியில் அதைச் சேர்க்க யாரும் கூடிப் பேசவில்லை.
அவளுடைய கட்டு
இரண்டு பக்கத்தாலும் குறைந்துகொண்டு போனது.

அன்று பின்னேரம்
வாங்கும் கொம்பனியிலிருந்து ஒருவர் வந்தார்.
உயரமானவர், எங்கள் மொழி எதுவும் தெரியாதவர்.
கொன்சலாற்றாவின் மெஷினடியில் நின்று
வெண்கட்டிக் கீறலைக் கண்டு முகம் மலர்ந்தார்.
தனக்கு விளங்கிவிட்டது என்று
காற்றில் ஒரு கயிறு கட்டி,
இரண்டு கிளிப் போட்டு,
இல்லாத சட்டையொன்றைத் தொங்கவிட்டுக் காட்டினார்.

சரிதான்.
நாடாவிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது:
கொடியில் காயவிடவும்.

கொன்சலாற்றா தலையாட்டினாள்.
நாங்களும் ஆட்டினோம்.
மணி நாலு.
இன்னும் எண்பத்தாறு.